குளத்தை வடித்து மீன் எண்ணியவர்

பண்ணைக்குட்டையில் குஞ்சு விட்டு, ஓராண்டு கழித்து வலை போட்டால் விரல் நீளத்தில்தான் மீன் வருகிறதா? இன்னும் குஞ்சு வாங்கி விடலாம் என நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். ஹோமர் ஸ்விங்கிளின் கதையைக் கேளுங்கள்.

1902ல் பிறந்த ஸ்விங்கிள், அமெரிக்காவின் அலபாமா மாநிலம், ஆபர்ன் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியலாளராக இருந்தவர். தொடர் பருத்தி சாகுபடியால் அங்கே மேல்மண் அரித்துப் போயிருந்தது. விலையும் வீழ்ந்து, விவசாயிகள் வறுமையில் தவித்தனர். அவர்களின் குட்டையிலிருந்தே குடும்பத்துக்கு மீன் கிடைக்க வழி தேடி, 1930களில் சக விஞ்ஞானி ஸ்மித்துடன் ஆய்வில் இறங்கினார்.

குளத்து நீரை முழுவதும் வடித்து, இருக்கும் மீன்களை எண்ணி எடை போடுவதுதான் அவர் முறை. அப்போது ஓர் உண்மை தெரிந்தது. ஒரு குளம் தாங்கும் மீனின் மொத்த எடைக்கு ஓர் எல்லை உண்டு. எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும்.

எனவே, பூச்சி தின்னும் புளூகில் மீனையும், அதன் குஞ்சுகளை இரையாக்கும் பாஸ் மீனையும் சேர்த்து வளர்த்தார். உரமிட்ட குளத்தில் ஏக்கருக்கு 1,500 புளூகில் குஞ்சுகள், 100 பாஸ் குஞ்சுகள் என்பது அவர் பரிந்துரை. புளூகில் அளவு மீறினால் அதுவே சிறுத்துப்போகும். பாஸ் மிகுந்தால், இரை போதாமல் பாஸ் இளைக்கும். பெரிய பாஸ் வேண்டுமென்றால் சிறிய பாஸ்களைப் பிடித்துக் குறைக்க வேண்டும். பிடிக்காமல் காப்பாற்றி வைத்தால் மீன் பெருக்காது.

பயிருக்குப் போல குளத்துக்கும் உரமிட்டார். உரத்தால் நுண்பாசி பெருகும். அதை உண்டு சிற்றுயிர்கள் பெருகும். அவை மீனுக்கு இரையாகும். 1942ல் பண்ணைக்குளப் பராமரிப்பு பற்றிய கையேட்டை இருவரும் வெளியிட்டனர். நீரின் பி.எச். விடியலுக்கு முன் 6.5 முதல் 9 வரை இருந்தால் மீனுக்கு ஏற்றது. 4க்குக் கீழோ 11க்கு மேலோ போனால் மீன் சாகும் என்றும் அவர் வகுத்துத் தந்தார். 1973ல் மறைந்தார். அந்த அளவுகள் இன்றும் மீன்வளர்ப்புப் பாடங்களில் உள்ளன.

உங்கள் குட்டையில் மீன் இனம் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். அடுத்த முறை குஞ்சு வாங்கும் முன், வலை போட்டு இருப்பதை எண்ணுங்கள், எடை போடுங்கள். நெருக்கம் தெரிந்தால் சிறியவற்றைப் பிடித்துக் குறையுங்கள். விடியற்காலையில் நீரின் பி.எச். பாருங்கள். குஞ்சுக்குச் செலவிடும் பணம் அதன் பிறகு போதும்.