சோழி விற்ற சிறுவர் பனாரசிதாசர்

சமணப் பெருங்கவிஞர் பனாரசிதாசர் 1586-இல் ஜௌன்பூரில், ஸ்ரீமால் குலத்து இரத்தின வணிகர் கரக்சேனரின் மகனாகத் தோன்றினார்.

1598-இல் அந்நகரை ஆண்ட நவாப் கிலீச் கான், தாம் கேட்ட பொருளைத் தர இயலாத இரத்தின வணிகர்களைச் சிறையிட்டுக் கசையால் அடிப்பித்தார். விடுபட்டோர் ஊரைவிட்டே ஓடினர். மழையில் நனைந்து ஷாஜாத்பூர் சேர்ந்த கரக்சேனர் குடும்பத்துக்கு வணிகர் ஒருவர் தம் இல்லத்தையே ஒழித்துக் கொடுத்தார். பின்னர்த் தந்தை பிழைப்பை நாடி அலகாபாத் செல்ல, சிறுவர் பனாரசி சோழிகளை வாங்கி விற்கலானார். நாளொன்றுக்கு ஓரிரு டக்காவே ஊதியம். முதல் வருவாயைப் பாட்டியார் முன் வைத்தார். அவரோ இனிப்பு வாங்கி யாவர்க்கும் பகிர்ந்தளித்தார்.

வளர்ந்தபின் ஆக்ராவில் கைம்முதலை இழந்தார். கச்சோரிக் கடைக்காரரிடம் தம் வறுமையை மறையாது உரைத்துக் கடனில் உண்டார். பொருள் வந்ததும் அக்கடனைத் தீர்த்தார். பெற்ற மக்கள் ஒன்பதின்மரையும் இழந்தும் அறநெறியில் ஊன்றி நின்றார். 1636-இல் குந்தகுந்தாசாரியரின் சமயசாரத்தைத் தழுவி ‘சமயசார நாடகம்’ இயற்றினார். 1641-இல் தம் குறைகளையும் ஒளிக்காமல் ‘அர்த்தகதானகம்’ என்னும் தன்வரலாறு பாடினார்.

பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடியை வணங்கும் நமக்கு அவர் அயலார் அல்லர். பெருநட்டத்துக்குப்பின் சிறுதொழில் தொடங்க நாணாமையும், பட்ட கடனை மறவாமையும் அவர் வாழ்வு உணர்த்தும் இல்லற நெறிகளாம்.