குப்பையின் அருமை கண்ட சர் ஆல்பர்ட் ஹோவர்டு

நிலம் இல்லாதவர்களும் மொட்டை மாடியில் சாக்குப்பை, பழைய வாளி, தகர டின் ஆகியவற்றில் மண் நிரப்பி உருளைக்கிழங்கு பயிரிடலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. வயலில் நிற்கும் செடி தனக்கு வேண்டியதைத் தேடி வேரை நீட்டிக்கொண்டே போகும். வாளியில் நிற்கும் செடி எங்கே போகும்? நாம் இடும் உரமே அதற்குக் கதி. கடைகளில் அடுக்கியிருக்கும் உரப்பைகளைக் கண்டால் எதை வாங்குவது என்று பெரியவர்களே திகைத்து நிற்கிறார்கள். நல்ல மக்கிய உரம் எது, அது எவ்வாறு உண்டாகிறது என்ற கேள்விக்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் உண்டு. அவர் ஆங்கிலேயர். ஆயினும் விடை அவருக்குக் கிடைத்தது நம் பாரத மண்ணில். அவரே சர் ஆல்பர்ட் ஹோவர்டு.

இவர் 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்று தேறி, 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். அங்கே கரும்பைத் தாக்கும் பூஞ்சாண நோய்களை ஆராய்வது அவர் பணி. உழவர்களுக்கு அறிவுரை கூறவேண்டிய அவருக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம்கூடத் தரப்படவில்லை! கண்ணாடிக் குழாய்களையும் நுண்ணோக்கியையும் வைத்துக்கொண்டு பயிர்த்தொழில் பற்றிப் பேசுவது அவருக்கு வெட்கமாகவே இருந்தது. தாமே பயிரிட்டுப் பார்க்காத ஒன்றைப் பிறருக்குச் சொல்வதில்லை என்ற எண்ணம் அப்போதே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1905-இல் இன்றைய பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற்குத் தாவரவியல் அறிஞராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு பம்பாயில் அவர் கைப்பிடித்த கேப்ரியல் மத்தாய் அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கணவர் பெயர் எங்கும் விளங்க, இவர் பெயரை அறிந்தவர் சிலரே. அம்மையார் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் பயின்றவர். இலையானது ஒளியையும் வெப்பத்தையும் பொறுத்து எவ்வளவு கரியமில வாயுவை உட்கொள்கிறது என்று பொறுமையாக அளந்து, அறிவியலில் நிலைத்த இடம் பெற்றவர். அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தேர்வெழுதி வெற்றி பெற்ற பெண்களுக்கும் முழுப் பட்டம் வழங்கவில்லை. 1948-இல்தான் வழங்கத் தொடங்கியது. பூசாவில் கணவரும் மனைவியும் ஒரே வயலில் பாடுபட்டு, புகழ்பெற்ற கோதுமை வகைகளை உருவாக்கினர். 1913-இல் அரசு அம்மையாருக்கும் உயர்ந்த தாவரவியல் பதவி அளித்தது.

பூசாவில் ஹோவர்டுக்கு 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. அதில் வேலை தொடங்கியவர் சுற்றுப்புறத்துக் கிராமங்களில் ஒரு வியப்பைக் கண்டார். எழுத்தறியாத உழவர்கள், பூச்சி மருந்தும் இல்லை, தெளிக்கும் கருவியும் இல்லை, ஆனால் அவர்கள் பயிர்களில் நோய் மிகக் குறைவு. வேறொருவராக இருந்தால் தற்செயல் என்று தள்ளியிருப்பார். ஹோவர்டோ அந்த உழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். பூச்சிகளையும் ஆசிரியர்களாகவே மதித்தார்! செடியில் பூச்சி விழுந்தால், நாம் எங்கோ தவறு செய்திருக்கிறோம் என்று அது சொல்லித் தருவதாக அவர் கருதினார். சில ஆண்டுகளில் அவருடைய வயலும் நோயின்றிச் செழித்தது.

அவருடைய உழவு மாடுகளின் கதை இன்னும் சுவையானது. பசுந்தீவனம் உண்டு வளர்ந்த அம்மாடுகளை, கோமாரி கண்ட மாடுகளுடன் வேலியருகே மூக்கோடு மூக்கு உரச விட்டுப் பார்த்தார். அவற்றுக்கு நோய் தொற்றவில்லை. நல்ல மண்ணில் விளைந்த தீவனமே காரணம் என்பது அவர் முடிவு. சில மாடுகளைக் கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று அறிவியல் பயிலும் எவரும் கேட்பர், கேட்கவும் வேண்டும். கோமாரிக்குத் தடுப்பூசியே இன்றைய பாதுகாப்பு.

1924-இல் இந்தூரில் புதிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைமையை ஏற்றார். அங்கே அவர் கண்ட காட்சி மனத்தை வருத்துவது. பருத்தி விளைவித்த ஏழைகளுக்கு உரம் வாங்கப் பணமில்லை. விறகு இல்லாமையால் சாணத்தையும் வறட்டி தட்டி எரித்துவிட்டனர். நிலத்திலிருந்து எடுத்தார்களேயன்றித் திருப்பித் தர வழியில்லை. கொஞ்சம் சாணத்தைக் கொண்டு நிறைய எரு செய்ய முடிந்தால் அந்த ஏழைகள் பிழைப்பர். சீன உழவர்கள் எந்தக் கழிவையும் வீணாக்காமல் நிலத்திற்கே தருவதை அவர் நூலொன்றில் படித்திருந்தார். அதையும் நம் நாட்டுத் தொழுவத்து வழக்கத்தையும் இணைத்து அவர் வகுத்ததே இந்தூர் முறை.

பருத்தி மாறு, வைக்கோல், களை, சருகு ஆகிய செடிக்கழிவு மூன்று பங்கு. சாணம் போன்ற கால்நடைக் கழிவு ஒரு பங்கு. இவற்றை ஆழமில்லாத குழியில் அடுக்கடுக்காகப் பரப்பி, மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணையும் விறகுச் சாம்பலையும் தூவி, நீர் தெளிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை தொடங்கியதும் குவியல் கையை வைக்க முடியாதபடி சூடாகும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் மடியும். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதத்தில் ஒரு முறை, இரண்டாம் மாதத்தில் ஒரு முறை கிளறிவிட வேண்டும். நுண்ணுயிர்களுக்கும் மூச்சுக்காற்று வேண்டுமல்லவா? மூன்று மாதத்தில் எரு தயார். குப்பையை மூலையில் கொட்டி மறந்துவிடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தக் காற்றுதான். காற்றில்லாத குவியல் அழுகி நாறும்.

இனி நம் உருளைக்கிழங்கு வாளிக்கு வருவோம். எருவைக் கையில் அள்ளிப் பாருங்கள். கரும்பழுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கவேண்டும். சூடு இருந்தாலும், வைக்கோலோ சாணமோ அடையாளம் தெரிந்தாலும் அது இன்னும் மக்கவில்லை. பச்சைச் சாணத்தை இட்டால் வேர் கருகும். சாம்பலை அதிகம் சேர்த்தால் கிழங்கின் தோலில் சொறி காணும். நல்ல எரு பாதி, தோட்டத்து மண் பாதி கலந்து, அடியில் துளையிட்ட வாளியில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, முளைவிட்ட விதைக்கிழங்கை வைத்து நான்கு விரற்கடை மூடவேண்டும். செடி உயர உயர மண் அணைத்து வரவேண்டும். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு நஞ்சாகும், உண்ணலாகாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கவலையில்லை. சமவெளியில் உள்ளோர் கார்த்திகையில் நடுவது நலம், இரவுக் குளிர் இருந்தால்தான் கிழங்கு திரளும். கடையில் பை வாங்குவோரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். பையின் மேலுள்ள படத்தை நம்பவேண்டாம்!

இந்தூர் முறை தேயிலை, காப்பித் தோட்டங்கள் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் அதன் வெற்றியைக் காண கேப்ரியல் அம்மையார் இல்லை, 1930-இல் காலமானார். இருபத்தைந்து ஆண்டுகள் உடன் உழைத்தவரை இழந்த ஹோவர்டு மறு ஆண்டே ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். அதே 1931-இல், இந்தூரில் உடன் பணியாற்றிய யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிஞரோடு சேர்ந்து, வேளாண் கழிவுகளை எருவாக்குவது பற்றிய நூலை வெளியிட்டார். இந்தியரின் பெயரும் நூலின் முகப்பில் இடம்பெற்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1934-இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. எனினும் இங்கிலாந்தின் விஞ்ஞானிகள் பலர் அவரை ஏற்கவில்லை. இரசாயன உரத்தை அவர் அடியோடு எதிர்த்தார்; நல்ல மண் இருந்தால் நோயே அணுகாது என்றார். இது மிகையான கூற்று என்றே சொல்லவேண்டும். ஆனால் மண் உயிருள்ளது, எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும் என்று அவர் கூறியதை இன்று மறுப்பவர் இல்லை. 1940-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலான வேளாண்மைச் சாசனத்தை மறைந்த கேப்ரியல் அம்மையாருக்கே காணிக்கையாக்கினார். 1947 அக்டோபரில் இலண்டனில் உயிர் நீத்தார். அவர் பின்னாளில் மணந்துகொண்ட, கேப்ரியல் அம்மையாரின் தங்கை லூயிஸ், 1953-இல் ஹோவர்டின் இந்திய வாழ்வைப் பற்றி நூலெழுதி, பூசாவிலும் இந்தூரிலும் தம் அக்காள் செய்த பணிகளையும் அதில் பதிவு செய்தார்.