காசியில் மடம் கண்ட குமரகுருபர சுவாமிகள்

பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, சொந்த மொழி பேசாத ஊரில் வாழும் நமக்கு, சுமார் 350 ஆண்டுகளுக்கு முன் அப்படியே மொழி தெரியாத ஊருக்குச் சென்ற ஒரு தமிழ்த் துறவியின் வரலாறு ஆறுதலும் பாடமும் தரக்கூடியது. அவரே ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள்.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்தில், சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். ஐந்து வயது வரை பேச்சு வரவில்லை. மனம் கலங்கிய பெற்றோர் குழந்தையைத் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் கிடத்தி விரதம் இருந்தனர். முருகன் அருளால் வாய் திறந்த குழந்தை பாடியதே கந்தர் கலிவெண்பா என்பது மரபு.

பின்னர் மதுரையில் திருமலை நாயக்க மன்னர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். அம்மையே சிறு பெண்ணாக வந்து மன்னரின் முத்துமாலையை எடுத்துப் புலவருக்கு அணிவித்து மறைந்தாள் என்று அன்பர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள்.

எவர் முன் பேச்சு தடைப்படுகிறதோ அவரே குரு என்பது சுவாமிகளுக்கு முருகன் உணர்த்திய அடையாளம். தருமபுரம் ஆதீனத்தின் நான்காவது குருமகா சந்நிதானம் ஸ்ரீ மாசிலாமணி தேசிகர், பெரியபுராணப் பாடல் ஒன்றுக்கு அனுபவப் பொருள் கேட்டபோது அவ்வளவு பெரிய புலவர் பதில் கூற முடியாமல் நின்றார். அந்த இடத்திலேயே சரணடைந்தார். குருவின் கட்டளைப்படி சிதம்பர வாசமும் செய்து துறவு பெற்ற பின், காசிக்குப் புறப்பட்டார்.

அக்காலத்தில் வட நாடு மொகலாயர் ஆட்சியில் இருந்தது. காசி கேதார கட்டத்துக் கோயில் சீர்குலைந்து, வழிபாடு குன்றிக் கிடந்தது. தெற்கிலிருந்து நடந்தே வரும் யாத்திரிகர்களுக்குத் தங்க இடம் வேண்டும். கோயிலும் எழ வேண்டும். இரண்டுக்கும் ஆட்சியாளரின் அனுமதி தேவை. ஆனால் அவர் மொழி சுவாமிகளுக்குத் தெரியாது.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மொழி தெரியவில்லையே என்று அவர் திரும்பிவிடவில்லை. கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லிமாலை பாடி, இந்துஸ்தானி மொழியில் வல்லவரானார். சிங்கத்தின் மேல் ஏறி அரசவைக்குச் சென்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சுவாமிகளை ஆதரித்தவர் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷூகோ என்று கூறுவர். காசிப் பண்டிதர்களின் துணையோடு 1657-இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தவர் அவர்.

அனுமதி கிடைத்தது. கேதாரேசுவரர் கோயில் புதுப்பிக்கப்பட்டது. அருகிலேயே குமாரசாமி மடம் எழுந்தது. சுவாமிகள் அங்கே இந்துஸ்தானியில் சொற்பொழிவு ஆற்றினார். காசிக் கலம்பகத்தைத் தமிழில் பாடினார். ஊரின் மொழியையும் கற்றார், தம் மொழியையும் விடவில்லை. ஒருமுறை தருமபுரம் வந்து குருவைத் தரிசித்து மீண்டவர், காசியிலேயே பரிபூரணம் அடைந்தார். வைகாசித் தேய்பிறைத் திரிதியை அவரது குருபூசை நாள்.

கட்டடம் எழுப்புவது ஒரு பணி. அதைக் காப்பது மற்றொரு பணி. அந்த மடத்தின் வழிவந்த தில்லைநாயக சுவாமிகள் 1720-இல் சோழநாட்டுத் திருப்பனந்தாளில் காசி மடத்தை நிறுவினார். காசியில் அறம் நடக்கக் காவிரிக் கரையில் வேர் ஊன்றப்பட்டது. இன்றும் கேதார கட்டத்துக்குச் செல்வோர், செந்நிறமும் வெண்ணிறமும் மாறி மாறிப் பட்டையடித்த சுவர்களைக் கண்டதும் நம்மூர்க் கோயிலுக்கே வந்துவிட்டதாக உணர்வர். அந்தக் கோயில் குமாரசாமி மடத்தின் நிர்வாகத்திலேயே இருந்து வருகிறது.

நாம் வாழும் மண்ணிலும், ஆட்சியாளர்கள் மனமுவந்து அளித்த நிலத்தில் 2022 அக்டோபரில் ஜெபல் அலியிலும், 2024 பிப்ரவரி 14 அன்று அபுதாபியிலும் கோயில்கள் திறக்கப்பட்டதைக் கண்டோம். இடம் கிடைத்தது பெரும் பேறு. அதைத் தலைமுறைகள் தாண்டிக் காக்க, இந்நாட்டவரின் மொழியையும் மரபையும் மதித்துக் கற்பதும், நம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கற்பிப்பதும் நம் கடமை அல்லவா? இந்த வாரமே ஒரு சகலகலாவல்லிமாலைப் பாடலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துத் தொடங்கலாமே!

குருவருளும் திருவருளும் துணை நிற்பதாக.