தொழிலாளரை மறக்காத வக்கீல் பால் ரோப்சன்

தோட்டத்துப் பிள்ளை ஒன்று படித்து வக்கீலாகிவிட்டால் நமக்கெல்லாம் பெருமைதான். திடலில் பந்தும் நன்றாக ஆடும் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் மேலே போன பிள்ளை நம்மைத் திரும்பிப் பார்க்குமா? குளுவாங்கிலும் சிகாமட்டிலும் லயத்து வாசலில் உட்கார்ந்து எத்தனையோ பெற்றோர் கேட்ட கேள்வி இது. தம் வாழ்க்கையாலேயே இதற்கு விடை சொன்ன ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர் நம் இனத்தவர் அல்லர். அமெரிக்கக் கறுப்பர். பெயர் பால் ரோப்சன்.

1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் வில்லியம் ஒரு தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். மாட்டை விலை பேசுவதுபோல் மனிதரை விலை பேசிய காலம் அது. 15 வயதில் அங்கிருந்து தப்பி ஓடினார். பிறகு படித்துப் பாதிரியாரானார். மலாயாவிலும் ஒப்பந்தக் கூலி முறை இருந்த நாளில் தோட்டத்தை விட்டு ஓடுவது குற்றம், பிடிபட்டால் தண்டனை. ஆகவே அந்த ஓட்டத்தின் வலி நமக்குப் புரியாததல்ல.

தேவாலயப் பதவி பறிபோனபோது அந்தப் பாதிரியார் குதிரை வண்டி கட்டி ஊரார் வீட்டுச் சாம்பலை அள்ளிக் குடும்பத்தைக் காத்தார். பாலுக்கு 6 வயது நிறையும் முன்பே அடுப்புத் தீ பட்டுத் தாயார் மாண்டார். தாயில்லாப் பிள்ளை என்று தகப்பனார் செல்லம் கொடுக்கவில்லை. மகன் 95 மார்க் வாங்கி வந்தால், மீதி 5 எங்கே போயிற்று என்று கேட்கிற ஆள் அவர்!

1915-இல் உபகாரச் சம்பளம் பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார் பால். சேர்ந்தபோது அங்கே கறுப்பு மாணவர் அவர் ஒருவரே. அமெரிக்கக் காற்பந்து என்பது ரக்பி மாதிரி முட்டி மோதும் ஆட்டம். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாளே சொந்தக் கல்லூரி வெள்ளை மாணவர்கள் அவர் மூக்கை உடைத்தார்கள், தோளைப் பெயர்த்தார்கள். இன்னொரு நாள் ஆணி பூட்ஸால் கையை மிதித்து நகங்களைப் பிய்த்தார்கள். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் தாம் தனி ஆள் அல்ல, பின்னால் வரப்போகும் கறுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்காகவும் நிற்கிறோம் என்ற எண்ணம் அவரை மீண்டும் திடலுக்கு இழுத்தது. 1917, 1918 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் வரிசையில் இடம் பெற்றார். நான்கு விளையாட்டுகளில் கல்லூரிக்கு ஆடினார். படிப்பை விட்டாரா? அதுவும் இல்லை. 1919-இல் பட்டம் பெற்ற மாணவர் சார்பில் உரையாற்றத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பணத்துக்காகத் தொழில்முறைக் காற்பந்து ஆடிக்கொண்டே படித்து 1923-இல் சட்டப் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலையும் கிடைத்தது. ஆனால் அங்கிருந்த சுருக்கெழுத்துப் பெண், கறுப்பர் சொல்வதை எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். படித்த படிப்புக்கு அவ்வளவுதான் மரியாதை! பால் அந்த ஆபீசை விட்டு வெளியேறி, மேடையேறிப் பாடகராகவும் நடிகராகவும் உலகப் புகழ் பெற்றார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கை நிறையப் பணம் வந்த பிறகும் அவர் உழைப்பாளிகளைத் தேடிப் போனார். லண்டன் தெருவில் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாடிக்கொண்டு ஊர்வலம் போனதைக் கண்டு தாமும் உடன் நடந்தார். அந்த உறவு கடைசிவரை அறுபடவில்லை. 1938-இல் நேரு லண்டன் சென்றபோது வரவேற்புக் கூட்டத்தில் பேசி இந்திய விடுதலையை ஆதரித்தார்.

சோவியத் ருஷ்யாவை அவர் ஒரேயடியாக நம்பியதை ஏற்காதவர்கள் உண்டு. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அமெரிக்க அரசு கொடுத்த தண்டனை சாதாரணமானதா? 1950-இல் பாஸ்போர்ட்டைப் பறித்தது. மேடைகள் மூடின, வருமானம் படுத்தது. கனடாவுக்குப் போகவும் விடவில்லை. அவர் சும்மா இருந்தாரா? 1952-இல் எல்லையோரம் லாரிமேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் கூடியிருந்த கனடியத் தொழிலாளர்களுக்குப் பாடினார். 1957-இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக வேல்ஸ் தொழிலாளருக்குப் பாடினார். 1958-இல் அவருடைய 60-ஆம் பிறந்த நாளை இந்தியா கொண்டாடியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் பாஸ்போர்ட்டும் திரும்பக் கிடைத்தது. 1960-இல் சிட்னியில் ஓப்பரா மாளிகை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் முன் போய் நின்று பாடினார். மாளிகை திறக்கும் முன்பே, அதைக் கட்டிய கைகளுக்கு முதல் கச்சேரி!

1976 ஜனவரி 23-ஆம் நாள் காலமானார். கல்லூரிக் காற்பந்து வீரர்களுக்கான புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 1995-இல்தான்.

பிள்ளைகளைத் திடலுக்கும் அனுப்புவோம், பள்ளிக்கும் அனுப்புவோம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது என்பதற்கு ரோப்சனே சாட்சி. பட்டம் வாங்கிப் பட்டணம் போகும் பிள்ளையிடம், சாம்பல் வண்டி ஓட்டியவரின் மகன் கதையை ஒருமுறை சொல்லி அனுப்புவோம். பால்மரம் வெட்டிய கைகளை அந்தப் பிள்ளை மறக்காது.