கடலின் நீலமும் கண்ணாடி இழையும்

திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர். சி. வி. இராமன், நிதித்துறையின் உயர்பதவியைத் துறந்து, 1917இல் குறைந்த ஊதியத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். துணிவுமிக்க முடிவு அது. 1921இல் கப்பற்பயணத்தின்போது கண்ட நடுநிலக்கடலின் நீலம் அவர் சிந்தையைத் தூண்டியது. வானத்தின் எதிரொளிப்பே அந்நிறம் என்னும் விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, எளிய கருவிகளைக்கொண்டே ஆராய்ந்து, மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியின் மிகச்சிறு பகுதி நிறம் மாறுவதை 1928 பிப்ரவரி 28 அன்று கண்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார், 1970இல் மறைந்தார்.

இன்று கண்ணாடி இழையில் செலுத்தப்படும் வலிய லேசர் ஒளி, இராமன் விளைவின் வழியே தன் ஆற்றலை நலிந்த ஒளித்துடிப்புகளுக்கு ஈந்து அவற்றைப் பெருக்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தை அடுத்த கல்பாக்கத்து ஆய்வாளர்களோ, அதே சிதறலால் இழைநெடுக வெப்பநிலையை அளந்து, குழாய்களில் திரவ சோடியம் கசிவதைக் கண்டறிய முயன்றுள்ளனர்.