பியென்சாவை எழுப்பியவர்

இத்தாலியில், சியெனா நகருக்குத் தென்கிழக்கே, ஓர்சியாப் பள்ளத்தாக்கைப் பார்த்தவாறு ஒரு மேட்டின்மேல் அமைந்த சிற்றூர் பியென்சா. சிறிது நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். ஆயினும் மறுமலர்ச்சிக் காலத்தவரின் நகரமைப்புக் கனவு முதன்முதலில் கல்லுருப் பெற்ற இடமென வரலாற்றாசிரியர் அதனைச் சுட்டுவர். அவ்வூரைக் காண்பது ஒரு மனிதரின் வாழ்வைக் கற்பதாகும்.

1405-ஆம் ஆண்டில் ஏனெயா சில்வியோ பிக்கொலோமினி அங்குப் பிறந்தபோது ஊரின் பெயர் கோர்சிஞானோ. சியெனாவில் செல்வாக்கிழந்து ஒதுங்கிய குடும்பம். சிறுவன் வயலில் உழைத்தான். பின்னர் சியெனாவில் கற்று, திருச்சபைத் தலைவர்களுக்குச் செயலராகி ஐரோப்பாவெங்கும் சுற்றினார். 1435-இல் ஸ்காட்லாந்து செல்லுகையில் கடும்புயலில் உயிர்தப்பி, நேர்ந்துகொண்டவாறு பனியில் வெறுங்காலுடன் ஒரு திருத்தலத்துக்கு நடந்தார். அதனால் வந்த கால்நோவு இறுதிவரை நீங்கவில்லை. 1442-இல் மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் அவருக்குக் கவிஞர் முடி சூட்டினார். காதற்கதையும் எழுதினார், பின்னாளில் அதுவே அவருக்குச் சங்கடமாயிற்று! 1458-இல் இரண்டாம் பயஸ் என்னும் பெயருடன் போப்பாண்டவரானார்.

மறு ஆண்டு, மாந்துவா செல்லும் வழியில் பிறந்த ஊரில் தங்கினார். உடன் விளையாடியோர் பலர் மறைந்திருந்தனர். எஞ்சியோர் மூப்பாலும் நோயாலும் அடையாளம் தெரியாது மாறியிருந்தனர். குடும்பப் பெருமையை நிறுவும் ஆசை அவருக்கு இல்லாமலில்லை. ஆனால் பியென்சா உண்மையில் பிறந்தது அந்தத் துயரத்திலேதான் என்பது என் கருத்து. ஃபிளாரன்சைச் சேர்ந்த பெர்னார்தோ ரொசெல்லினோவிடம் பணி ஒப்படைக்கப்பட்டது.

சதுக்கம் பேராலயத்தை நோக்கி விரிந்து செல்கிறது. ஆலயத்தின் இருபுறமும் பள்ளத்தாக்கு தெரிகிறது. முகப்பில் பழைய ரோமாபுரியின் வளைவுகள். உள்ளேயோ, அவர் வடநாடுகளில் கண்டு விரும்பிய முறையில் ஒரே உயரமான மூன்று கூடங்கள். பெருஞ்சாளரங்கள் வழியே ஒளி கொட்டுகிறது. அருகிலுள்ள அரண்மனையின் மூன்றடுக்குத் தாழ்வாரங்கள் தோட்டத்துக்கு அப்பால் அமியாத்தா மலையை நோக்குகின்றன.

செலவு மதிப்பீட்டைப் பன்மடங்கு தாண்டி 50,000 டக்கட்டுக்கு மேலாயிற்று. கோள் சொல்வோர் பெருகினர். நடுங்கிக்கொண்டு வந்த ரொசெல்லினோவைப் போப்பாண்டவர் கடியவில்லை. உண்மைச் செலவை முன்பே கூறியிருந்தால் தாம் இப்பணிக்கு இசைந்திருக்கமாட்டார் என்று சொல்லிப் பாராட்டி, 100 டக்கட்டும் செந்நிற அங்கியும் அளித்தார். புரவலருள் இத்தகைய மனம் அரிது.

1462-இல் ஊர் அவர் பெயரால் பியென்சா ஆயிற்று. பேராலயத்தின் சுவரையோ தூணையோ எவரும் மாற்றலாகாது, மாற்றுவோர் சாபத்துக்குள்ளாவர் என்றும் அவ்வாண்டே ஆணையிட்டார். 1464 ஆகஸ்டில், சிலுவைப்போருக்கான கப்பல்களை எதிர்நோக்கி அங்கோனாவில் காத்திருந்தவர் நோயுற்று மறைந்தார். அடுத்த மாதமே ரொசெல்லினோவும் மறைந்தார். கட்டடப்பணி நின்றது, ஊர் பெரிதும் அன்றிருந்தவாறே தங்கிற்று. 1996-இல் யுனெஸ்கோ அதன் வரலாற்று மையத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மண் மட்டும் ஆணைக்கு அடங்கவில்லை. சரிவின் விளிம்பில் எழுப்பிய பீடப்பகுதி கட்டிய நாள்முதலே அமிழ்ந்து வருகிறது. பலமுறை முட்டுக்கொடுத்தும் விரிசல்கள் மறையவில்லை. பீடத்தை நோக்கி நடப்பவரின் கால்கள், தரை தாழ்வதை உணரும்.