பப் தேடிய ஜார்ஜ் ஆர்வெல்... 10 தகுதியும் இருந்த அந்தக் கடை எங்கே?

1946, பிப்ரவரி 9. லண்டனின் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' மாலை நாளிதழில் ஒரு பப்பைப் பற்றிய கட்டுரை வெளியானது. பப்பின் பெயர் 'தி மூன் அண்டர் வாட்டர்'. பஸ் ஸ்டாப்பில் இருந்து ரெண்டே நிமிட நடை. ரேடியோ கிடையாது, பியானோ கிடையாது, நிம்மதியா உட்கார்ந்து பேசலாம். கடைப் பெண்மணிகள் வாடிக்கையாளர்களைப் பேர் சொல்லி விசாரிப்பாங்க. சிகரெட்டோடு ஆஸ்பிரின், தபால் தலைகூட கிடைக்கும். பின்பக்கம் தோட்டம், அதில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல்.

இன்னிக்கே கிளம்பிடலாம்னு வாசகர்கள் நினைக்கும்போது கட்டுரையாளர் விஷயத்தைப் போட்டு உடைக்கிறார். அப்படி ஒரு பப்பே இல்லை. தான் எதிர்பார்க்கும் 10 தகுதிகளில் எட்டு இருக்கிற கடை ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். ஆமாம், 'விலங்குப் பண்ணை'யும் '1984'-ம் எழுதிய அதே ஆர்வெல்தான். சர்வாதிகாரத்தைப் பற்றி எழுதியவருக்கு பப்பில் என்ன வேலை?

பீகாரில் பிறந்த எரிக்

ஆர்வெலின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903 ஜூன் 25-ல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தார். அப்பா ஆங்கிலேய அரசின் அபின் துறை அதிகாரி. கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர், ஈட்டன் பள்ளியில் படித்தார். 1922 முதல் ஐந்து வருடம் பர்மாவில் போலீஸ் அதிகாரி. அந்த அதிகாரம் கசந்துபோய் வேலையை விட்டார். ஏழைகளோடு தங்கி, அந்த வாழ்க்கையை எழுத ஆரம்பித்தார். 1933-ல் முதல் புத்தகம் வந்தபோது வைத்துக்கொண்ட பெயர்தான் ஜார்ஜ் ஆர்வெல். ஆர்வெல் என்பது இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஓடும் ஒரு நதி.

1936-ல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள வாலிங்டன் என்ற சின்ன கிராமத்துக்குக் குடிவந்தார். வார வாடகை ஏழரை ஷில்லிங். தகரக் கூரை, தாழ்வான வாசல். ஆர்வெலோ ஆறடிக்கு மேல் உயரம்! முன்னறையில் மளிகைக் கடை வைத்தார், ஆடும் கோழியும் வளர்த்தார். கோழிகள் இன்று எத்தனை முட்டை போட்டன என்பதைக்கூட டைரியில் குறித்து வைத்த மனிதர் அவர்.

அந்தக் காலத்து கிராமத்து பப்பில் கிடைத்தது என்ன?

இன்று 'காஸ்க் ஏல்' என்று தனியாகச் சொல்லிக் கொண்டாடும் பீர், அன்றைக்கு சாதாரண விஷயம். ஏல் என்பது இங்கிலாந்தின் பாரம்பரிய பீர் வகை. மதுவாலையில் முதல் நொதித்தல் முடிந்ததும் வடிகட்டாமல், சூடுபடுத்தாமல் பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கும். அதனால் பப்பின் நிலவறையில் மறுபடியும் மெதுவாக நொதிக்கும். நம்ம வீட்டில் கரைத்து வைத்த மாவு ராத்திரியில் பொங்குவது மாதிரிதான். கடைக்காரர் கை பம்ப்பை இழுத்து மேலே கொண்டுவருவார். வெளியில் இருந்து வாயு எதுவும் செலுத்துவதில்லை. சுமார் 12 டிகிரி குளிர்ச்சிதான், ஐஸ் மாதிரி இருக்காது. பீப்பாயைத் திறந்தால் சில நாட்களில் காலி பண்ணியாகணும், இல்லைன்னா கெட்டுப்போகும். ஆக, கூட்டம் வராத கடையில் நல்ல ஏல் கிடைக்காது. ஊரும் பீரும் ஒன்றையொன்று நம்பியே பிழைத்தன.

ஆர்வெலுக்குப் பிடித்தது பீப்பாயில் இருந்து ஊற்றும் கறுப்பு நிற ஸ்டவுட். கைப்பிடி இல்லாத கண்ணாடி டம்ளரில் பீர் கொடுப்பது அவருக்கு ஆகவே ஆகாது. இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. ஆனால் அந்தத் தோட்டம்? பிள்ளைகளுக்கு பப்பில் அனுமதி இல்லாததால் அம்மாக்கள் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள், குடும்பம் கூடும் இடமாக இருக்க வேண்டிய பப், வெறும் குடிக்கும் இடமாகிவிடுகிறது என்பது அவர் வாதம்.

கோப்பை யார் கையில்?

இந்தக் கண்ணோடு அவருடைய நாவல்களைப் படித்தால் வேறு ஒன்று தெரியும். 1945-ல் வந்த 'விலங்குப் பண்ணை'யில் புரட்சி வெடிப்பதே பண்ணை முதலாளி ஜோன்ஸ் கிராமத்து பப்பான 'ரெட் லயன்'-இல் குடித்துவிட்டு விலங்குகளுக்குத் தீனி போட மறந்ததால்தான். மது கூடாது என்று விலங்குகள் சட்டம் போடுகின்றன. பிறகு? வயதான விலங்குகள் ஓய்வெடுக்க ஒதுக்கிய நிலத்தில் பன்றிகள் பார்லி விதைக்கின்றன. ஒவ்வொரு பன்றிக்கும் தினம் ஒரு பைன்ட் பீர், தலைவன் நெப்போலியனுக்கு அரை காலன். கடைசிக் காட்சியில் பன்றிகளும் மனிதர்களும் பீர் கோப்பையோடு ஒரே மேஜையில். ஜன்னலுக்கு வெளியே மற்ற விலங்குகள்.

'1984'-ல் வரும் பப் காட்சி இன்னும் வலிக்கும். ஒரு கிழவர் பைன்ட் பீர் கேட்கிறார். கடைக்காரருக்கு அப்படி ஒரு அளவே தெரியாது. லிட்டர், அரை லிட்டர்தான் கணக்கு. ஒரு பைன்ட் சுமார் 568 மில்லி. அரை லிட்டரில் 68 மில்லி குறைகிறது. கிழவருக்கு அது போதாது, ஒரு லிட்டரோ தாங்காது. பழைய உலகம் எப்படி இருந்தது என்று நாயகன் வின்ஸ்டன் துருவித் துருவிக் கேட்டும் கிழவரிடம் துண்டு துண்டான ஞாபகங்கள்தான் மிச்சம். வரலாற்றை அழித்த ஆட்சி, குடிக்கிற அளவையும் விட்டுவைக்கவில்லை. (நிஜ பிரிட்டனில் டிராட் பீர் இன்றும் பைன்ட் கணக்கில்தான் விற்கிறது.)

பப் கட்டுரை வந்தபோது ஆர்வெல் மனைவியை இழந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் தத்தெடுத்த சின்ன மகன், நெஞ்சில் நோய். அதே வருடம் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவுக்குப் போனார். பக்கத்தில் கடைகூட இல்லாத பண்ணை வீட்டில் உட்கார்ந்துதான் '1984'-ஐ எழுதி முடித்தார். 1950 ஜனவரி 21-ல் காசநோய் அவர் உயிரைப் பறித்தது. வயது 46.

அவருக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வடிகட்டி, வாயு ஏற்றிய 'கெக்' பீரைக் கடைகளில் நிரப்பின. பீப்பாய் பீர் காணாமல் போய்விடுமோ என்ற நிலையில், 1971-ல் நான்கு பேர் 'காம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். காஸ்க் ஏல் பிழைத்தது. ஆர்வெலின் கற்பனைப் பப்பும் பிழைத்தது, பெயர்ப் பலகையில்! 'வெதர்ஸ்பூன்' நிறுவனம் தன் கடைகள் பலவற்றுக்கு 'தி மூன் அண்டர் வாட்டர்' என்றே பெயர் வைத்தது.

ஆர்வெலின் கல்லறை ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், சட்டன் கோர்ட்னி என்ற கிராமத்து தேவாலயத்தில் இருக்கிறது. தேடிப் போறவங்க ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. கல்லில் இருப்பது எரிக் ஆர்தர் பிளேர் என்ற பெயரும் ரெண்டு தேதிகளும் மட்டும்தான்.